உய்யக்கொண்டானைப் படமெடுக்க ஒரு கண்ணாடி வளையம்

உறையூர்ப் பக்கம் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலின் பெயர் முதலாம் இராசராசனின் பட்டப்பெயர்களில் ஒன்று. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகருக்குள் நுழைந்து வெளியேறி, வாழவந்தான்கோட்டை ஏரியில் சேர்கிறது. வழியெல்லாம் நெல்லும் வாழையும் இதன் தண்ணீரில் விளைகின்றன. கூரையில்லாத உழவு அருங்காட்சியகம் என்றால் எனக்கு இதுதான். ஆனால் கரையில் நின்று கேமராவை நீட்டினால் வானத்தின் வெள்ளைப் பளபளப்பு மட்டுமே விழும். நீருக்கடியில் இருக்கும் படித்துறைக் கல் தெரியாது.

அந்தப் பளபளப்பை வெட்டும் கருவிதான் போலரைசர். லென்ஸின் முகப்பில் திருகி மாட்டும், சுழலக்கூடிய வளையம்.

வெயிலில் ஒளியலைகள் எல்லாப் பக்கமும் அதிரும். நீரில் பட்டுத் தெறித்த ஒளியிலோ கிடைமட்ட அதிர்வே மேலோங்கியிருக்கும். போலரைசர் ஒரு திசை அதிர்வை மட்டும் உள்ளே விடும். அதைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தால் தெறித்த ஒளி வாசலிலேயே நின்றுவிடும். அடியிலிருந்து வரும் ஒளி உள்ளே வரும். 1808இல் பாரீஸில் இயற்பியலாளர் மாலுஸ், லக்சம்பர்க் அரண்மனைச் சன்னல்களில் பட்டுத் திரும்பிய வெயிலைப் படிகம் ஒன்றின் வழியே பார்த்தபோது தெறித்த ஒளியின் இந்தக் குணத்தைக் கண்டுபிடித்தார். எந்தக் கோணத்தில் தெறித்த ஒளி முழுவதும் ஒரே திசையில் அதிரும் என்பதற்கு 1815இல் இயற்பியலாளர் புரூஸ்டர் விதி தந்தார். தண்ணீருக்கு அது, செங்குத்திலிருந்து ஏறக்குறைய 53 பாகை. அதாவது நீர்மட்டத்துக்கு 37 பாகை மேலிருந்து பார்க்க வேண்டும். கரையில் நிற்பவருக்கு, காலடிக்குச் சற்றுத் தள்ளியுள்ள தண்ணீர்தான் அந்த இடம்.

வளையத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே திரையைப் பாருங்கள். ஒரு கட்டத்தில் வெள்ளை விலகி, பாசி படிந்த படி துலங்கும். ஆனால் பளபளப்பு முழுவதையும் எடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் மினுக்கம் இல்லாத தண்ணீர், படத்தில் தண்ணீராகவே தெரியாது.

வாழையிலையில் இதன் பலன் இன்னும் அதிகம். இலையின் மெழுகுப்பூச்சில் வழுக்கும் வெளிச்சம் போனதும், நரம்பும் உண்மையான பச்சையும் வெளிப்படும். மண்வெட்டியின் தேய்ந்து மின்னும் தகட்டிடம் மட்டும் இது பலிக்காது. உலோகத்தில் தெறிக்கும் ஒளி அவ்வாறு ஒரே திசைக்கு ஒழுங்குபடுவதில்லை. அதை நிழலில் வைத்து எடுப்பதே வழி.

போலரைசர் பாதிக்கும் மேல் வெளிச்சத்தைத் தின்றுவிடும். அதனால் விடிகாலையில் கழற்றிவிடுங்கள். செல்போனில் எடுப்பவர்கள் போலராய்டு குளிர்கண்ணாடியை லென்ஸுக்கு முன் பிடித்துத் திருப்பினாலே போதும்.