அழைத்து வந்தவர்

அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் விபத்துப் பதிவேடு ஒன்று இருக்கும். ஏ.ஆர். காப்பி என்று போலீஸ்காரர்களும் வக்கீல்களும் சொல்வது அதன் நகலைத்தான். அடிபட்டவரின் பெயர், வயது, அங்க அடையாளம், காயத்தின் நீள அகலம் எல்லாம் அதில் ஏறும். கூடவே ஒரு கேள்வி: அழைத்து வந்தவர் யார்?

108-ஐ அழைத்தால் ஓர் ஆம்புலன்ஸ் வண்டி கிளம்பும். அந்த வண்டி வந்து சேர்வதற்கு முன்னால் சில நிமிடங்கள் இருக்கின்றன. அந்த நேரத்தில் அடிபட்டவர் பக்கத்தில் இருப்பது மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை. வழிப்போக்கர்தான். அவரைப் பல காலம் விரட்டியது அந்த ஒற்றைக் கேள்வி.

என் பெரியப்பா ஒருமுறை அதற்குப் பதில் சொன்னார். நெடுஞ்சாலை ஓரம் சைக்கிள் கடை வைத்திருந்தார். எண்பதுகளின் கடைசி. லாரி தட்டிவிட்டுப் போன ஒருவரைப் பால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தார். பெயரையும் முகவரியையும் ஒளிவுமறைவில்லாமல் கொடுத்தார். அன்று நள்ளிரவு வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். "நீதானே இடிச்சே?" என்றுகூட ஒருவர் கேட்டாராம். பிறகு சாட்சி சம்மன். கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறிக் கோர்ட்டுக்குப் போவார். வாய்தா என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மூன்று வருடத்தில் நான்கு தடவை. பிழைத்த மனிதர் மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் வாழைத்தாரோடு வந்து போனார்.

அதற்குப் பிறகும் பெரியப்பா அடிபட்டவர்களைத் தூக்கினார். கடை இருந்த வளைவு அப்படி. வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் விழுவார்கள். ஆனால் மருத்துவமனை வராந்தா பெஞ்சில் கிடத்தி, ஒரு நர்ஸ் காதில் விழுகிற மாதிரி குரல் கொடுத்துவிட்டு, பின்பக்க கேட் வழியாக வந்துவிடுவார். ரத்தம் பட்ட பனியனைப் பெரியம்மா இரவோடு இரவாகத் துவைத்துப் போடுவார். "திருடன் மாதிரி ஓடி வர்றது வெக்கமாத்தான் இருக்கு. தூக்காம இருக்கவும் முடியலையே" என்று அவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

மருத்துவமனைகளும் அப்போது பயந்துகொண்டுதான் இருந்தன. ஸ்கூட்டரில் போன ஒருவரை வேகமாக வந்த கார் மோதியது. ரத்தம் வழிய அவரைப் பக்கத்து மருத்துவமனைக்கு ஒருவர் கொண்டு போனார். 'இது போலீஸ் கேஸ், இங்கே பார்க்க முடியாது' என்று 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்ற மனித உரிமை ஆர்வலர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா எழுதிய தீர்ப்பு வந்தது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை. போலீஸ் நடைமுறையெல்லாம் அதற்குப் பிறகுதான். அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையைக் காட்டி நீதிமன்றம் இதைச் சொன்னது.

மருத்துவமனையின் கதவு சட்டப்படி திறந்துவிட்டது. தூக்கிக்கொண்டு வருகிறவரின் பயம் தீர மேலும் 27 வருடம் ஆனது. இந்தத் தாமதத்தை என்னால் சுலபமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. எத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் எத்தனை உயிர் போயிருக்கும்!

பியூஷ் திவாரி என்ற டெல்லிக்காரர், பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 17 வயது உறவுக்காரப் பையனைச் சாலை விபத்தில் இழந்தவர். அந்தப் பையன் சாலையில் கிடந்தபோது சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், யாரும் தொடவில்லை. 2008-இல் திவாரி 'சேவ்லைஃப்' அறக்கட்டளையைத் தொடங்கி, உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2016 மார்ச் 30 அன்று, உதவி செய்கிறவர்களைக் காக்கும் வழிகாட்டு நெறிகள் நாடு முழுவதும் கட்டாயமாயின. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவு சேர்ந்தது. அடுத்த வருடம் விதிகளும் வந்தன.

அந்த விதிகளைப் படித்தபோது பெரியப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படித்த மாதிரி இருந்தது. அழைத்து வந்தவரைப் பெயர், முகவரி சொல்லும்படி போலீஸ் உட்பட யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்ல அவராகவே முன்வந்தால், அவருக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில் விசாரிக்க வேண்டும். போகிற அதிகாரி சீருடையில் போகக் கூடாது. நல்ல எண்ணத்தோடு உதவும்போது தவறிப்போய் ஏதாவது நேர்ந்துவிட்டாலும் அவர் மேல் வழக்கு கிடையாது. மருத்துவமனைகள் இந்த உரிமைகளை வாசலில் மக்கள் மொழியில் எழுதி வைக்க வேண்டும். உங்கள் ஊர் மருத்துவமனை வாசலில் அந்தப் பலகை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 134-ஏ மோட்டார் வாகன விபத்துக்கு மட்டும்தான். கத்திக்குத்துப் பட்டுக் கிடப்பவரைத் தூக்குகிறவருக்கு அதில் இடமில்லை. அந்தக் குறையும் தீர வேண்டும்.

உதவியவருக்கு 5,000 ரூபாய் பரிசு என்று 2021-இல் மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் பரிசு வாங்கப் பெயர் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், பெயர் கேட்காமல் விடுவதே பெரிய பரிசு. அதே வருடம் டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தை இதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சை இலவசம், எந்த ஊர்க்காரராக இருந்தாலும். 'சேர்த்துவிட்டால் பணம் யார் கட்டுவது?' என்று வாசலில் நின்று யோசித்தவர்களுக்கு அது தைரியம் தந்தது.

போன மாதம், இந்தக் கட்டுரைக்காக ஒரு 108 குழுவோடு இருந்தேன். இ.எம்.டி., அதாவது அவசர மருத்துவ உதவியாளர், ஓர் இளம் பெண். டிரைவரைப் பைலட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான்குவழிச் சாலையில் பைக் விபத்து. போய்ச் சேர்ந்தபோது, ஓர் இளநீர்க்காரர் தரையில் மண்டியிட்டு, தன் துண்டை மடித்துப் பையனின் தொடையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். துண்டு முழுக்கச் சிவப்பு.

"அண்ணே, நான் சொல்ற வரைக்கும் கையை எடுத்துடாதீங்க" என்றார் இ.எம்.டி. துண்டை அவர் உருவவில்லை. உருவினால் உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பீறிடும். அதன் மேலேயே பஞ்சுப் பட்டைகளை அடுக்கி, இறுக்கிக் கட்டிய பிறகுதான் இளநீர்க்காரரின் கையை விடுவித்தார். பையனின் கால் பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். ரத்தம் விரல் நுனிவரை போகிறதா என்பது அதில் தெரியும்.

"தம்பி, உங்க பேர் என்ன? பேரைச் சொல்லுங்க."

பையன் முனகலாகச் சொன்னான். நினைவு இருக்கிறது என்று அர்த்தம். நூறு முறை பெயர் கேட்கலாம், இப்படிக் கேட்பதென்றால்.

யாரோ சோடாவோடு ஓடி வந்தார். "வாயில எதுவும் ஊத்தாதீங்கண்ணே" என்று தடுத்தார் இ.எம்.டி. மயக்க நிலையில் குடித்தது நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம், வாந்தியும் அப்படித்தான். அறுவை சிகிச்சை என்றால் வயிறு காலியாக இருப்பது நல்லது. கழுத்துக்குப் பட்டை போட்டு, நான்கு பேர் சேர்ந்து, தலையும் உடலும் ஒரே கட்டையாகத் திரும்பும்படி உருட்டிப் பலகையில் ஏற்றினார்கள். அந்த நால்வரில் இளநீர்க்காரரும் ஒருவர்.

"உங்க துண்டு…" என்றார் பைலட்.

"அவன்கூடவே போகட்டும் தம்பி."

மருத்துவமனைப் பதிவேட்டில், அழைத்து வந்தவர் என்ற இடத்தில் 108 என்று எழுதினார்கள். பையனுக்கு அன்று மாலையே அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பும் வழியில் அதே இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இளநீர்க்காரர் குடத்துத் தண்ணீரில் நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். "பொழைச்சிக்குவானா?" என்றார். பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, மூன்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவர் பெயரை நான் கேட்கவில்லை.