பூட்டும் பதிவேடும்

திண்டுக்கல் என்றதும் நம் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, ஊரின் நடுவே ஓங்கி நிற்கும் பாறையும் அதன்மேல் அமைந்த கோட்டையும். மற்றொன்று, அவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்ற பூட்டு. கோட்டை, மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில், 1605-ஆம் ஆண்டில் எழுப்பப் பெற்றது. பின்னர் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோர் வசம் இருந்து, 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் சென்றது. பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்விரண்டுமே காவலுக்கென்று மனிதன் செய்தவை. ஒன்று நாட்டைக் காத்தது. மற்றொன்று வீட்டைக் காக்கிறது.

ஆயினும், மதிலும் பூட்டும் காவாத செல்வங்கள் நமது கிராமங்களில் பல உள. ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் நடுகல், கோயில் அடித்தளத்தில் தேய்ந்து வரும் கல்வெட்டு, ஆண்டுக்கொரு முறை வீதியுலா வரும் செப்புத் திருமேனி, பரணில் கிடக்கும் பனையோலை ஏடு, உழும்போது தட்டுப்படும் தாழி ஆகிய இவையெல்லாம் நம் முன்னோர் விட்டுச் சென்ற சொத்துக்கள். கோட்டையை மத்திய அரசின் தொல்லியல் துறை காக்கிறது. ஏரிக்கரை நடுகல்லை யார் காப்பது? ஊரார்தாம் காக்க வேண்டும். அதற்கு இக்காலத்தில் எளிய கருவியொன்று ஏறக்குறைய எல்லார் கையிலும் இருக்கிறது. அதனைச் சரிவரப் பயன்படுத்துவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எண்முறைப் பதிவு என்பது யாது?

பண்டைக் காலத்தில் ஓர் ஏடு செல்லரிக்கும் முன் அதனைப் பார்த்து வேறோர் ஏட்டில் படி எடுத்தார்கள். படி எடுப்பவர் ஓர் எழுத்தைத் தவற விட்டால், அத்தவறு அடுத்த படியிலும் தொடர்ந்தது. இன்று கைப்பேசியால் நாம் ஒரு படம் எடுக்கும்போது, அப்படம் இலட்சக்கணக்கான சிறு புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஒளியும் எண்களாக எழுதி வைக்கப்படுகின்றன. இதனையே டிஜிட்டல் முறை என்று வழங்குகிறோம். எண்களை எண்களாகவே படி எடுப்பதால், நூறாவது படியும் முதற்படியைப் போலவே இருக்கும். ஒரு படி அழிந்தாலும் மற்றொன்று வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கும். இதுவே இம்முறையின் பெருநன்மை.

பொருளைப் பல கோணங்களிலிருந்து, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் விழுமாறு தொடர்ச்சியாக எடுத்தால், கணினி அப்படங்களை ஒப்பிட்டு அப்பொருளின் முழு உருவத்தையே அமைத்துக் காட்டும். ஒளிக்கதிரால் அளவெடுக்கும் கருவிகளும் உண்டு. பாரிஸ் நகரின் நோத்ரதாம் பேராலயம் இவ்வாறு முன்னரே அளக்கப்பட்டிருந்தது. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அதன் கூரை எரிந்தபோது, அவ்வளவுகள் திருப்பணிக்குப் பெரிதும் உதவின. நமக்கு அருகிலேயே, மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் தீயில் சிதைந்ததை நாம் அறிவோம். தீ சொல்லிவிட்டு வருவதில்லை. திருட்டும் அப்படியே.

ஒரு படம் மீட்டுத் தந்த திருமேனி

பதிவின் பயனை அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கிராமம் நமக்கு நன்கு காட்டிற்று. அவ்வூரின் பழைய சிவாலயத்தில் சோழர் காலத்து நடராசர் திருமேனி இருந்தது. வழிபாடு குறைந்து கோயில் பூட்டிக் கிடந்த காலத்தில், 2006-ஆம் ஆண்டளவில், கள்வர் அதனைக் கவர்ந்து சென்றனர். களவு நடந்தது 2008-ஆம் ஆண்டு வரை வெளிப்படவில்லை. அதற்குள் அத்திருமேனி கடல் கடந்து, ஆஸ்திரேலியாவின் தேசிய ஓவியக்கூடத்தாரால் 50 இலட்சம் அமெரிக்க டாலர் அளவில் விலைக்கு வாங்கப்பட்டு விட்டது.

இது நம் ஊர்த் திருமேனி என்று மெய்ப்பித்தது எது? புதுச்சேரியில் 1955-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அடுத்த ஆண்டு முதலே தென்னாட்டுக் கோயில்களுக்குச் சென்று படம் எடுத்து வந்தனர். அவர்களிடம் 1,60,000-க்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றுள் ஸ்ரீபுரந்தான் நடராசரை 1994-ஆம் ஆண்டில் எடுத்த படமும் ஒன்று. அப்படத்தையும் ஆஸ்திரேலியாவில் இருந்த திருமேனியையும் ஒப்பிட்டபோது ஐயத்திற்கு இடமில்லாது போயிற்று. 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நடராசர் நாடு திரும்பினார். விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் உடன் வந்தது.

படத்தால் இத்தனை உறுதி ஏற்பட்டது எப்படி என்று அன்பர்கள் கேட்கலாம். நமது செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை. மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சுட்டு, உருகிய மெழுகு வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். பின்பு மண் கருவை உடைத்து விடுவார்கள். ஆகவே ஒரு கருவில் ஒரே திருமேனிதான் பிறக்கும். திருவாசியின் ஒரு சுடர் முறிந்திருப்பதும், பீடத்தில் ஒரு பள்ளம் இருப்பதும் மனிதருக்கு அங்க அடையாளம் போன்றவை. அவை படத்தில் தெளிவாக விழுந்திருந்தால், அதுவே சாட்சி. படம் இல்லாத ஊரார், தம் தெய்வத்தையே தமது என்று நிரூபிக்க இயலாமல் நிற்க நேரிடும்.

இருந்த இடமே பாதி மதிப்பு

இனி, உழவர் பெருமக்கள் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நமது திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழனிக்கு அருகிலுள்ள பொருந்தல் என்னும் ஊரில், புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜன் தலைமையில் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் அகழ்வாய்வு நடைபெற்றது. ஈமக்குழி ஒன்றில், நான்கு கால்கள் உடைய சாடியில், ஏறக்குறைய 2 கிலோ நெல் கிடைத்தது. அதே குழியில் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த புரிமனையும் இருந்தது. நெல்மணிகளைக் கரிமக் கணிப்பு முறையில் சோதித்தபோது, அவை கி.மு. 490-ஆம் ஆண்டளவைச் சேர்ந்தவை என்று தெரிய வந்தது. ஆகவே உடனிருந்த எழுத்தும் அக்காலத்தது என்பது ஆய்வாளர் கருத்து. நெல் எழுத்துக்கு வயது சொல்லிற்று!

இச்சாடி ஓர் உழவரின் கலப்பையிலோ, மண் அள்ளும் இயந்திரத்திலோ அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாடி ஒரு வீட்டுக்கும் புரிமனை மற்றொரு வீட்டுக்கும் போயிருக்கும். நெல் மண்ணில் கொட்டப்பட்டிருக்கும். பொருள்கள் எஞ்சினாலும் செய்தி அழிந்திருக்கும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எதனுடன் சேர்ந்து கிடந்தது என்னும் விவரமே பழம்பொருளின் பாதி மதிப்பு. எனவே நிலத்தில் ஏதேனும் தட்டுப்பட்டால், அதனை எடுக்கும் முன் வேலையை நிறுத்தி, கிடந்தது கிடந்தபடியே படம் எடுக்க வேண்டும். கைப்பேசியில் இடங்குறிக்கும் வசதியை இயக்கி வைத்திருந்தால், அவ்விடமும் படத்தோடு பதிவாகி விடும். பின்னர்க் கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் தெரிவிப்பது கடமை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்கு உரியவருக்கும் உள்ள உரிமைகளை அச்சட்டமே வகுத்துள்ளது. ஆதலால் அஞ்சி மறைக்க வேண்டுவதில்லை.

நடுகற்களுக்கும் இது பொருந்தும். நமக்கு அண்டையிலுள்ள தேனி மாவட்டத்தில், வைகைக் கரைப் புலிமான்கோம்பையில், 2006-ஆம் ஆண்டில் மூன்று நடுகற்கள் கண்டறியப்பட்டன. எழுத்துடைய நடுகற்களில் அவை மிகப் பழமையானவை என்று கருதப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலைக் குறிக்கிறது. துணி துவைக்கவும் படிக்கட்டாகவும் நாம் பயன்படுத்தும் கற்களில் இத்தகையது ஒன்று இருக்கக் கூடும் என்பதை மறத்தலாகாது.

பதிவு செய்யும் முறை

பஞ்சாயத்துக்கள் இப்பணியைப் பெருஞ்செலவின்றித் தொடங்கலாம். முதலில் ஊரிலுள்ள பழம்பொருள்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் முன், பின், இரு பக்கம் ஆகிய நான்கு புறமும் படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தல் அவசியம். இன்றேல் படத்தைப் பார்ப்பவருக்கு உயரம் விளங்காது. உடைவு, கீறல், எழுத்து, முத்திரை ஆகியவற்றை நெருங்கி நின்று தனித்தனியே எடுக்க வேண்டும். கோயிலில் உள்ளவற்றை அக்கோயில் அலுவலரின் அனுமதியோடும், ஊர் வழக்கத்துக்கு ஊறு நேராமலும் எடுப்பதே முறை.

கல்வெட்டை உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்துத் தெரியாது. காலை அல்லது மாலை வெயில் சாய்வாக விழும்போதோ, இரவில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தோ எடுத்தால், தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து புலப்படும். எழுத்துத் தெரிய வேண்டுமென்று எண்ணெய், சுண்ணாம்பு, மாவு முதலியவற்றைத் தடவுதல் கூடாது. திருப்பணியின்போது மணல் வீசித் தூய்மை செய்வதும், கல்வெட்டின்மேல் வர்ணம் பூசுவதும் எழுத்தை அழித்து விடும்.

படத்தோடு விவரமும் சேர வேண்டும். பொருளின் பெயர், எதனால் ஆனது, நீளம், அகலம், உயரம், இருக்கும் இடம், தனி அடையாளங்கள், அதைப் பற்றி ஊரில் வழங்கும் செய்தி, படம் எடுத்த நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். களவு போன கலைப்பொருளைத் தேட உதவும் இத்தகைய விவரப் படிவம் ஒன்று 1997-ஆம் ஆண்டில் உலக அளவில் வகுக்கப்பட்டு, பல நாட்டுக் காவல் துறையினராலும் அருங்காட்சியகங்களாலும் ஏற்கப்பட்டுள்ளது. விவரமில்லாத படம் முகவரியில்லாத கடிதம் போன்றது.

கவனிக்க வேண்டியவை

எண்முறைப் பதிவு என்றும் அழியாதது என்று நினைத்து விடலாகாது. கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் அதிலுள்ள படங்களும் போயின. ஆகவே ஒவ்வொரு பதிவையும் மூன்று படிகளாக வைத்தல் நன்று. ஒன்று பஞ்சாயத்து அலுவலகக் கணினியிலும், ஒன்று தனித்த சேமிப்புக் கருவியிலும், ஒன்று வேறோர் ஊரிலுள்ள நிறுவனத்திலும் இருக்கலாம். விவரங்களைக் காகிதப் பதிவேட்டிலும் எழுதி வைத்தால் மின்சாரம் இல்லாத நாளிலும் பார்க்கலாம். வாட்ஸ்அப் வழியாகப் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அதன் நுட்பம் குறைந்து, இடக்குறிப்பும் நீங்கி விடும். எனவே மூலப்படத்தை அப்படியே படி எடுத்துக் கொள்ள வேண்டும்.

மற்றொரு எச்சரிக்கை மிக முக்கியமானது. நடுகல், கல்வெட்டு, மண்டபம் ஆகியவற்றின் படங்களை எல்லாரும் காணுமாறு வெளியிடலாம். ஆனால் எடுத்துச் செல்லத்தக்க செப்புத் திருமேனியின் படத்தையும், அது இருக்கும் அறையையும் இணையத்தில் இட்டால், அது கள்வருக்கு வழிகாட்டுவதாக முடியும். அத்தகைய பதிவுகள் கோயில் நிர்வாகத்தாரிடமும் அரசாங்க அலுவலரிடமும் மட்டுமே இருத்தல் வேண்டும்.

கைத்திறனும் ஒரு சொத்து

கல்லும் செம்பும் மட்டுமே பண்பாட்டுச் செல்வம் அல்ல. திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டும் மற்றப் பூட்டுக்களும் கையாலேயே செய்யப்பட்டு வந்துள்ளன. இயந்திரப் பூட்டு மலிவாக வந்த பின் அத்தொழிலில் இறங்கும் இளைஞர் குறைந்தனர். ஒரு பழைய பூட்டை அருங்காட்சியகத்தில் வைத்து விடலாம்; ஆனால் தகட்டை வெட்டி, அரத்தால் இழைத்து, நெம்புகோல்களைச் சாவியோடு இசைவிக்கும் கைப்பழக்கத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது. அதனை அசையும் படமாகவும், தொழிலாளியின் சொந்தப் பேச்சாகவும் பதிவு செய்தால்தான் அடுத்த தலைமுறை கற்க இயலும். நாற்று நடும் பாட்டு, மழை பார்க்கும் குறிப்பு, பழைய விதை வகைகளின் பெயர்கள் ஆகியவற்றுக்கும் இதுவே வழி. இவ்வாறு பதியும்போது, சொல்பவரின் சம்மதத்தைப் பெற்று, அவர் பெயரையும் குறித்தல் நியாயம். தொழில் இரகசியம் எது, வெளியிடத்தக்கது எது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

நாம் செய்ய வேண்டுவது

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தைப் பல கிராமத்தார் கண்டு மகிழ்கின்றனர். ஒவ்வொரு கிராமத்திலும் அத்தகைய மாளிகை எழுப்புதல் இயலாது, எழுப்பவும் வேண்டுவதில்லை. பொருள் அதனதன் இடத்திலேயே இருக்க, அதன் பதிவு பஞ்சாயத்தில் இருந்தால், ஊரே ஓர் அருங்காட்சியகம் ஆகும். பள்ளி மாணவர்கள் அளந்து எழுதலாம். முதியோர் கதை சொல்லலாம். 1956-ஆம் ஆண்டில் தோன்றிய காந்திகிராமக் கிராமிய நிறுவனம் போன்ற கல்வி நிலையங்களின் உதவியை நாடலாம். கிராம சபை கூடும்போது ஆண்டுக்கொரு முறை இப்பதிவேட்டை வாசித்து, ஒவ்வொரு பொருளும் அதன் இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்தால், ஸ்ரீபுரந்தானில் நேர்ந்ததைப் போலக் களவு நெடுநாள் தெரியாமல் இராது.

பூட்டு உடையலாம், சாவி தொலையலாம். காலத்தில் எழுதி, ஒழுங்காகப் பேணிய பதிவேடு, போன பொருளையும் பின்தொடர்ந்து சென்று மீட்கும். பூட்டுக்குப் புகழ் பெற்ற மாவட்டத்தின் பஞ்சாயத்துக்கள் இந்த இரண்டாவது பூட்டையும் முன்னின்று செய்து காட்டுமாக. அடுத்த கிராம சபைக்கு முன் நம் ஊரில் ஒரு நடுகல்லையேனும், ஒரு கல்வெட்டையேனும் பதிவு செய்து தொடங்குவோம்.