படகேறும் சக்கர நாற்காலி

பெருநாளுக்கு மறுநாள் கம்பத்திலிருந்து குமுளி மலையேறும் வேன்களைக் கண்டிருப்பீர்கள். பிரியாணிச் சட்டியும் பிள்ளைகளுமாக நிறைந்து செல்லும். தேக்கடியை அடைந்ததும் அனைவரும் படகுத் துறைக்கு விரைவர். சக்கர நாற்காலியில் வந்த அத்தா மட்டும், "நான் வேன்லயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்பார்.

அவரை விட்டுச் செல்ல மனம் வராது. இளைஞர் இருவர் நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்துவிட முனைவர். அந்த அன்பைக் குறைகூற இயலாது. ஆயினும், அதற்கு முன் அதே ஏரியில் நிகழ்ந்ததொன்றை நினைவுகூருங்கள்.

2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ என்னும் ஈரடுக்குச் சுற்றுலாப் படகு அங்கே கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் விலங்குகளைக் கண்ட பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாக அப்போது செய்திகள் கூறின. எடை உயரத்திலும் ஒரு பக்கத்திலும் சேருமானால் எந்தப் படகும் நிலைகுலையும். ஆகவே, நாற்காலிக்குரிய இடம் கீழ்த்தளத்தின் நடுப்பகுதியே. வேடிக்கை பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ஓரத்தில் வைப்பது தவறு. மின்கலம் பொருத்திய நாற்காலி அமர்ந்திருப்பவரைவிடவும் கனமாக இருக்கக்கூடும். அதன் எடையை ஓட்டுநரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றைப் பலர் தலைகீழாகச் செய்கின்றனர். விழுந்துவிடக் கூடாதென்று அத்தாவை நாற்காலியோடு இறுகக் கட்டுகின்றனர். படகு கவிழ்ந்தால் அந்த இரும்பு அவரையும் சேர்த்தே ஆழத்திற்கு இழுத்துச் செல்லும். நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, அதனைப் படகோடு பிணைக்கலாம். மனிதரை நாற்காலியோடு பிணைக்கலாகாது. உயிர்காப்புச் சட்டை அவர் உடம்பில் இருக்க வேண்டும், நாற்காலியின் முதுகில் அன்று. கழுத்தில் வலுவற்றவராயின், முகத்தை நீருக்கு மேலே நிமிர்த்தும் கழுத்துப் பட்டையுடைய சட்டையே தகும்.

பிரிட்டனில் ‘வீலிபோட் டிரஸ்ட்’ என்னும் அறக்கட்டளை 1980களிலிருந்து இதற்கெனவே படகுகளை வழங்கி வருகிறது. படகின் முன்பகுதி கதவுபோல் சாய்ந்து கரையைத் தொடும். நாற்காலியை உருட்டியே உள்ளே செல்லலாம். தூண்டிலோடு ஏரி நடுவே அமர்ந்து மீன் பிடிப்போர் அங்கு உண்டு. நமக்கு அருகில் எனில், 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்ட கொச்சி வாட்டர் மெட்ரோவைச் சொல்லலாம். அதன் துறைமேடைகள் மிதப்பவை. நீர் ஏறினாலும் இறங்கினாலும் படகின் தளத்தோடு சமமாகவே நிற்கும்.

தேக்கடியின் இடர்ப்பாடு அங்குதான் உள்ளது. அது 1895இல் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். நம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குத் தண்ணீர் இறங்க இறங்க, கரையும் சரிந்து நீளும். நிலையான சாய்தளம் ஒன்றால் மட்டும் அக்குறை தீராது. மிதக்கும் மேடை வேண்டும்.

மீன் பிடிக்கும் ஆசையோடு தேக்கடி செல்லாதீர்கள். அது புலிகள் காப்பகம். வைகை அணைப் பக்கம் போவோருக்கும் ஒரு சொல்: பரிசலில் சக்கர நாற்காலியை ஏற்றவே கூடாது. வட்டமான அக்கலத்தில் சக்கரத்தைப் பிணைக்க இடமில்லை. ஒருவர் அசைந்தாலே அது சாயும். கரையில் தூண்டிலிடுவோர் சமதளத்தில், சக்கரங்களுக்குக் கல் அண்டைகொடுத்து, நீருக்குப் பக்கவாட்டாக அமர்வது நலம்.

போக்குவரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு அணுகல் வசதி வேண்டுமென 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் கூறுகிறது. படகுகளின் பதிவு, தகுதிச் சான்று, பணியாளர் தகுதி ஆகியவற்றை 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வற்புறுத்துகிறது. ஆகவே கேட்பதற்குத் தயங்காதீர்கள். புறப்படுவதற்கு முந்தைய நாளே தொலைபேசியில் விசாரியுங்கள். ஏற்றுவது யார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆபத்து நேர்ந்தால் அத்தாவை நாற்காலியிலிருந்து விடுவித்து வெளியே கொண்டுவரும் பொறுப்பு படகில் எந்தப் பணியாளருடையது என்று கேளுங்கள். "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், அன்று படகுக்குச் சீட்டு வாங்காதீர்கள். பிரியாணிச் சட்டியை அத்தா இருக்கும் மரத்தடிக்கே கொண்டு போங்கள்.