பெயர் வைக்காத மழைதான் சுவரைச் சாய்க்கும்!

'எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே 150 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. புயலைத் தாங்கும் வீடு என்பதெல்லாம் கடலூர், நாகப்பட்டினத்துக்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம். எங்களுக்கு எதற்கு?' என்று பேரணாம்பட்டு பக்கமிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி-பதில் பக்கத்தில் நாலு வரியில் முடிக்கிற விஷயமாக இது தெரியவில்லை. அதனால் தனியாகவே எழுதுகிறேன்.

2021 நவம்பர் 19-ம் தேதியை அந்த ஊர்க்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அன்று அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தது. புயலாக வலுத்திருந்தால் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். கஜா, நிவர், வர்தா என்று நாமும் ஞாபகம் வைத்திருப்போம். இதற்குப் பெயரே இல்லை. பாலாற்றில் பல தலைமுறை பார்க்காத வெள்ளம் ஓடியது. பேரணாம்பட்டு நகரில் மழையில் ஊறிய வீடு இடிந்து விழுந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்துபோனார்கள்.

காற்று கூரையைத் தூக்கி வீசி யாரும் சாகவில்லை. இடிந்து விழுந்த வீடுதான் ஒன்பது பேரைக் கொன்றது. இரண்டு வருடம் முன்பு, 2019 டிசம்பர் 2-ம் தேதி, மேட்டுப்பாளையம் நடூரில் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்து வீடுகள் மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். அதுவும் மழை நாள்தான், அதுவும் விடிவதற்கு முன்னால்தான்.

ஆகவே வாசகருக்கு என் பதில் இதுதான். கடற்கரைக்காரர் முதலில் கூரையைப் பார்க்க வேண்டும். நாம் முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். கூரை அடுத்தது.

ஊறிய சுவர் என்ன செய்யும்?

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, குடியாத்தம் சுற்றுவட்டாரத்தில் பழைய வீடுகள் பெரும்பாலும் கல்லோ செங்கல்லோ வைத்து, மண் சாந்தில் எழுப்பியவை. காய்ந்திருக்கும்வரை மண் சாந்து கெட்டிதான். ஐம்பது, அறுபது வருடம் அசையாமல் நின்ற வீடுகளை நாமே பார்க்கிறோம். ஆனால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால் அந்த மண் மறுபடியும் சேறுதான். மேலே இருக்கும் கல்லின் பாரமும் கூரையின் பாரமும் அந்தச் சேற்றின் மேல் நிற்கின்றன.

இதில் நாம் நல்லது என்று நினைத்துச் செய்கிற ஒரு வேலை கெடுதலாக முடிகிறது. கையில் கொஞ்சம் காசு வந்ததும் பழைய மண் சுவருக்கு சிமென்ட் பூச்சு பூசி, பளிச்சென்று பெயின்ட் அடித்துவிடுகிறோம். மண் சுவர் உள்வாங்கிய ஈரத்தை வெளியே விட்டபடி இருக்கும். சிமென்ட் பூச்சு அதை அடைத்துவிடுகிறது. பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தால் அதன் வழியே மழைத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. வெளியே பார்த்தால் சுவர் அழகாக இருக்கும், உள்ளே களியாகிக் கிடக்கும். விரிசலும் கண்ணுக்குத் தெரியாது. மண் சுவருக்குப் பூச வேண்டுமென்றால் சுண்ணாம்புச் சாந்துதான் பொருத்தம். நம் பாட்டன்மார் அதைத்தான் பூசினார்கள்.

புரட்டாசி முடிவதற்குள் ஒருநாள் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா? கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் போகிறதா? இரண்டு சுவர் சேரும் மூலையில் மேலிருந்து கீழே பிளவு இருக்கிறதா? நேற்றுவரை நன்றாகச் சாத்திய கதவு இன்று பிடிக்கிறதா? பூச்சைத் தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலே மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால், மழை நாளில் அந்தச் சுவர் ஓரம் யாரும் படுக்கக் கூடாது.

சுவரின் அடிப்பகுதிதான் முதலில் ஊறும். ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் சுவர் அடியிலேயே விழுந்து குழி பறிக்கிறதா என்று பாருங்கள். சுவரை ஒட்டி இரண்டரை, மூன்று அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாக மண்ணைக் கெட்டித்து, அதற்கு அப்பால் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். மண்வெட்டியும் ஒருநாள் வேலையும் போதும். சாணக்குழி, குளிக்கிற தண்ணீர், தென்னைக்குப் பாய்ச்சும் வாய்க்கால் எதுவும் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம்.

அடுத்து, பக்கத்து வீட்டுச் சுவர். இது சண்டையில் முடியக்கூடிய பேச்சு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நடூரில் இறந்தவர்கள் தங்கள் சுவர் விழுந்து இறக்கவில்லை. உங்கள் கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் பக்கத்துச் சுவர், ஆள் இல்லாமல் பாழடைந்த வீட்டுச் சுவர், மேட்டு நிலத்து மண்ணைத் தாங்கி நிற்கும் சுற்றுச்சுவர் ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். மண்ணைத் தாங்கும் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்க வேண்டும். ஓட்டை இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் பின்னால் தேங்கி, சுவரைத் தள்ளியபடியே இருக்கும். நாலரை அங்குலச் சுவரைத் தூண் இல்லாமல் ஆள் உயரத்துக்கு எழுப்புவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழை விட்டாலும் தூவானம் விடாது என்பார்கள். சுவர் விஷயத்திலும் அப்படித்தான். மழை நின்று வெயில் எட்டிப் பார்த்த பிறகு விழும் சுவர்கள் ஏராளம். மழை விட்டதும் பெரியவர்கள் ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் வயலுக்கும் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் இருப்பது பாட்டியும் பேரப்பிள்ளைகளும்தான். சந்தேகமான சுவர் என்றால், மழை நின்று நன்றாகக் காயும் வரை அவர்களைப் பள்ளிக்கூடத்திலோ சொந்தக்காரர் வீட்டிலோ இருக்க வையுங்கள்.

ஷீட் பறப்பது எதனால்?

காற்றைப் பொறுத்தவரை நம் பகுதியில் கார்த்திகைப் புயலைவிட, சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் சூறைக்காற்று அதிகம் சேதம் செய்கிறது. மாங்காய் கொட்டுகிற அதே காற்றுதான் ஷீட்டையும் பிடுங்குகிறது.

எங்கள் மாட்டுக் கொட்டகை அப்படித்தான் ஒரு சித்திரை மாலையில் போனது. நான்கு தகர ஷீட்டுகள் பக்கத்து வாழைத் தோட்டத்தில் கிடந்தன. கொக்கிகள் மட்டும் ரீப்பரிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. காரணம் நாங்கள்தான். இரும்பு வாஷருக்குப் பதிலாக, ஷூ சோல் ரப்பர் துண்டை வட்டமாக வெட்டிப் போட்டிருந்தோம். தண்ணீர் ஒழுகாமல் இருந்தது உண்மை. காற்று தூக்கியபோது ரப்பர் மடங்கிக்கொள்ள, ஷீட் ஓட்டையோடு உருவிக்கொண்டு போய்விட்டது. ரப்பருக்கு மேலே அகலமான இரும்பு வாஷர் இருந்திருந்தால் தப்பியிருக்கும்.

கல், மணல் மூட்டை, பழைய டயர் இவற்றை ஷீட் மேல் ஏற்றி வைக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 47 கிலோ அளவுக்கு அழுத்தம் கொடுக்கும். 10 அடி நீளம், 4 அடி அகலம் மூடும் ஒரு ஷீட்டை அதே அளவு காற்று மேலே இழுத்தால் 170 கிலோ. அந்தத் தகரத்தின் எடை 20 கிலோவைத் தாண்டாது. 25 கிலோ மூட்டை ஆறு வைத்தால்தான் ஒரு ஷீட் சமமாக நிற்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். அதனால் பாரத்தை நம்ப முடியாது, பிடிமானம்தான் முக்கியம். மேலே வைத்த கல் சரிந்து கீழே இருக்கும் பிள்ளை தலையில் விழுவது தனி ஆபத்து.

பிடிமானம் ஷீட்டோடு முடிவதில்லை. ஷீட்டை ரீப்பர் பிடிக்க வேண்டும், ரீப்பரைக் கைமரம் பிடிக்க வேண்டும், கைமரத்தைச் சுவர் பிடிக்க வேண்டும், சுவர் கடைக்காலோடு சேர்ந்து நிற்க வேண்டும். ஓரிடத்தில் பிடி விட்டாலும் மேலே இருப்பதெல்லாம் போய்விடும். பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது கைமரமும் சுவரும் சேருமிடம். சுவர் மேல் கைமரத்தைச் சும்மா உட்கார வைத்து, சுற்றிலும் சாந்து பூசிவிடுகிறார்கள். கைமரத்தை இரும்புப் பட்டையாலோ கம்பியாலோ சுவருக்குள் இரண்டு மூன்று அடி கீழே இறக்கிக் கட்ட வேண்டும். கொட்டகையின் பைப் கால்களும் அப்படித்தான். வெறும் மண்ணில் புதைத்தால் காற்று முளைக்குச்சியைப் போலப் பிடுங்கிவிடும். குழியில் கான்கிரீட் போட்டு, காலின் அடியில் குறுக்கே ஒரு கம்பியை வெல்டிங் செய்து இறக்குங்கள்.

கூரையின் ஓரங்களிலும் முகட்டிலும்தான் இழுப்பு அதிகம். நடுவில் போடும் இடைவெளியில் பாதி இடைவெளிக்கு ஒரு கொக்கி அங்கே வேண்டும். ஷீட் சுவருக்கு வெளியே ஒன்றரை அடிக்கு மேல் நீண்டால் காற்றுக்குக் கைப்பிடி கொடுத்தது போல. தட்டையான கூரையைவிடச் சரிவான கூரை நல்லது. 10 அடி கிடையாகப் போகும்போது 4 அடியிலிருந்து 5 அடி வரை ஏறினால் சரி. இரண்டு பக்கம் சரியும் கூரையைவிட நான்கு பக்கமும் சரியும் கூரை காற்றை நன்றாகத் தாங்கும். செலவு கொஞ்சம் கூடும், தச்சருக்கு வேலையும் கூடும். ஓட்டு வீடு என்றால் முகட்டு ஓட்டையும் ஓர வரிசையையும் சாந்து வைத்துப் பிடித்துவிடுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடிக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. குடிசையிலிருந்து கான்கிரீட் கூரைக்கு மாறுகிறவர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. மேஸ்திரியிடம் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு. ஜன்னல், கதவுக்கு மேலே மட்டும் லிண்டல் போட்டு நிறுத்தாமல், எல்லாச் சுவரிலும் சுற்றி வரும்படி பெல்ட் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். சின்ன அறைகளுக்கு 3 அங்குல கனத்தில் 10 மி.மீ. கம்பி இரண்டு ஓடினால் போதும். மூலையில் கம்பி அறுபடாமல் வளைந்து போக வேண்டும், அதுதான் உயிர். ஜன்னலை மூலையிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளி வையுங்கள்.

கான்கிரீட் வீட்டுக்கு முன்னால் தாழ்வாரத்துக்கு ஷீட் இறக்குவோம். காற்றில் முதலில் போவது அதுதான். அதனால் ஷீட், ஓட்டு வீடுகளில் தாழ்வாரக் கூரையை வீட்டுக் கூரையோடு ஒன்றாக நீட்டாமல் தனிச் சட்டத்தில் தனியாக நிறுத்துங்கள். தாழ்வாரம் போனாலும் வீட்டுக் கூரையைக் கூடவே கொண்டுபோகாது. மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை, எச்சரிக்கை வந்ததும் நிரப்பி வையுங்கள். காலித் தொட்டி உருளும்.

இடம் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடிக்குள் புகுந்து மக்களை வாரிக்கொண்டு போனதற்கு அந்த ஊரில் நினைவுத் தூண் நிற்கிறது. வருடம் முழுக்க மணலாகக் கிடக்கிறதே என்று ஆற்றோரத்தில் கடைக்கால் தோண்டுகிறவர்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

இன்னும் இரண்டு கேள்விகள்

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் வாசகி ஒருவர், வரிசை வீட்டில் வாடகைக்கு இருப்பதாகவும், சுவரில் விரிசலைக் காட்டினால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று பயமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். பயம் நியாயமானதுதான். தனியாகப் போய்ச் சொல்லாதீர்கள். அந்த வரிசையில் இருக்கும் எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து சொல்லுங்கள். விரிசலைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். அகலம் கூடிக்கொண்டே போனால் கிராம நிர்வாக அலுவலரிடமோ நகராட்சியிலோ எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மழை நேரத்து அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070.

மாட்டுக் கொட்டகையைப் புயலின்போது அடைத்து வைக்கலாமா, மாட்டை அவிழ்த்து விடலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். கொட்டகைச் சுவரோ ஷீட்டோ சந்தேகமாக இருந்தால் காற்று வருவதற்கு முன்பே மேட்டில், மரமும் மின்கம்பியும் இல்லாத இடத்தில் மாட்டைக் கட்டுங்கள். வெள்ளம் வரும் தாழ்வான இடம் என்றால் கட்டவே வேண்டாம், கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கொட்டகை விழுந்துவிட்டால், இடிபாட்டை அகற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். சுத்தம் செய்துவிட்டுப் பிறகு சொன்னால் நிவாரணக் கணக்கில் ஏறுவது கஷ்டம்.