நீலத் திமிங்கலத்தின் பெயரில் ஒரு சுண்டெலி

கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தொடங்கிவிடும் கடலடிப் பள்ளத்தாக்குதான் திருகோணமலைக் கடலை ஆழமாக்குகிறது. உலகின் மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கலம் இங்கே கரையை இவ்வளவு நெருங்கி வருவதும் அந்த ஆழத்தால்தான். கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையில் நின்றபடியே அது மூச்சுவிடுவதைக் கண்டவர்கள் உண்டு.

அதன் அறிவியல் பெயர் பலைனோப்டெரா முஸ்குலுஸ். இதில் முஸ்குலுஸ் என்பது உயிரியலாளர் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூலில் வைத்தது. இலத்தீனில் மூஸ் என்றால் எலி. குலுஸ் சிறுமை காட்டும் விகுதி. ஆகவே சுண்டெலி! வீட்டுச் சுண்டெலிக்கும் அதே நூலில் மூஸ் முஸ்குலுஸ் என்றே பெயரிட்டார்.

லின்னேயஸ் வேடிக்கை செய்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரோமரிடம் இந்தச் சொல் எலியோடு நிற்கவில்லை. தோலுக்கடியில் எலி ஓடுவதுபோலப் புரளும் தசையையும், மட்டியையும் அப்படியே அழைத்தார்கள். கி.மு. 49இல் மசிலியா நகரை முற்றுகையிட்ட சீசரின் படை, மதிலை நெருங்க 60 அடி நீளமான காப்புக் கொட்டகை ஒன்றைக் கட்டியது, அதுவும் முஸ்குலுஸ்தான். எல்லாவற்றையும்விட முக்கியமானது ரோம எழுத்தாளர் பிளினி சொல்வது. திமிங்கலத்துக்கு முன்னே நீந்தி வழிகாட்டும் கடல் முஸ்குலுஸுக்குப் பல் கிடையாது, வாய்க்குள் மயிர்க்கற்றைகளே உண்டு என்கிறார் அவர். நீலத் திமிங்கலத்துக்கும் பல் இல்லை. மேல்தாடையிலிருந்து தொங்கும் நார்த்தகடுகளால்தான் இறால் போன்ற கிரில்லை வடித்து உண்கிறது. கடலுயிர் ஒன்றின் பெயராக ஏற்கெனவே இருந்த சொல்லையே லின்னேயஸ் எடுத்தாண்டார் என்பதே பொருத்தம்.

இலக்கணமும் சுவையானது. நல்ல மகன், நல்ல மகள் என்று தமிழில் பெயரடை மாறாது. இலத்தீனில் பாலுக்கேற்ப மாறும். பலைனோப்டெரா பெண்பால். அப்படியிருந்தும் முஸ்குலுஸ் ஆண்பாலாகவே நிற்கிறது. ஏனெனில் அது பெயரடையல்ல, பெயர்ச்சொல். 1859இல் விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் இந்தியப் பெருங்கடல் நீலத் திமிங்கலத்துக்குச் சூட்டிய இந்திகா என்பதோ பெயரடை. அதனால் பெண்பால் ஈறு பெற்றது.

பலைனோப்டெரா முஸ்குலுஸ் இந்திகாவைப் பார்க்க மார்ச், ஏப்ரல் மாதங்களில் திருகோணமலைக்கு வாருங்கள். படகில் போனால், துரத்தாமல் தூரத்திலேயே நிறுத்தும்படி படகோட்டி அண்ணனிடம் சொல்லுங்கள்.