மடிப்பு விரியுது… புள்ளி உதிருது!

பள்ளிக்கரணையில் ஓர் அடுக்ககம், மூன்றாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. சாப்பாட்டு மேசையில் இருந்த ஊறுகாய் ஜாடியும் ஹாட்பாக்ஸும் தரைக்கு இறங்கிவிட்டன. கரும்புச்சாறு மெஷின் குட்டி போட்டால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு யந்திரம் இப்போது அங்கே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு உருளை, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. சுற்றி ஆறு பெண்கள், ஒரு பிளஸ் டூ பையன். “அம்மாதான் அனுப்பிச்சாங்க” என்று கேட்காமலே சொன்னான்.

“பொங்கல் நேரம், கையால செய்யற வாழ்த்து அட்டை பத்தி எழுதுங்க. வீட்டிலிருந்தே வருமானம்னு தலைப்பு வச்சா பெண்கள் பக்கத்துல நல்லா போகும்” என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கணக்கு கட்டுரைக்குள் ஓரிடத்தில் வரும். நான் போன காரியம் வேறு திசையில் திரும்பிவிட்டது.

வகுப்பு எடுப்பவர் முன்பு வங்கியில் வேலை பார்த்தவர். அதனாலோ என்னவோ, எல்லாவற்றுக்கும் அளவு சொல்கிறார். அன்றைய பாடம் இசட் மடிப்பு. 300 ஜிஎஸ்எம் ஏ4 அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் 21 சென்டிமீட்டருக்கு 14.85. அதில் 10.5லும் 5.25லும் கோடு கீறிக்கொள்ள வேண்டும். கோடு கீறுவதற்கென்றே இருக்கும் ஸ்கோர் போர்டு இல்லாதவர்கள் ஸ்கேலும் மை தீர்ந்த பால் பாயின்ட் பேனாவும் வைத்துக்கொள்ளலாம். பாதியில் ஒரு மடிப்பு. மேல் பாதியை மறுபடி பாதியாக்கி வெளிப்பக்கம் திருப்பி ஒரு மடிப்பு. பக்கத்திலிருந்து பார்த்தால் இசட். முகப்பில் ஒட்டுகிற பூப்போட்ட பலகைக்கு இடது பாதியில் மட்டும்தான் பசை. வலது பாதி சும்மா தொங்க வேண்டும். அப்போதுதான் அட்டையைத் திறக்கையில் முகப்பு தானாக முன்னால் துள்ளி வரும்.

நான் முழுக்க ஒட்டினேன். உலகத்திலேயே திறக்க முடியாத வாழ்த்து அட்டை ஒன்று என் பையில் பத்திரமாக இருக்கிறது.

அட்டைக்கு இழை உண்டு என்பதும் அன்றுதான் தெரிந்தது. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் அடங்கிக் கொடுக்கும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். அடங்குகிற பக்கம் மடித்தால் முனை சுத்தமாக வரும். முரண்டு பிடிக்கிற பக்கம் மடித்தால் மேல்நிறம் வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை பல்லைக் காட்டும். பேட்டர்ன் பேப்பரில் வேறொரு கண்ணி: தாளில் கிளி இருந்தால், மடித்துத் திருப்பிய பிறகு அது நிமிர்ந்து நிற்குமா, தலைகீழாகத் தொங்குமா என்று முன்னாலேயே யோசிக்க வேண்டும். என் பக்கத்தில் இருந்தவரின் கிளி தொங்கியது. “வௌவால்னு சொல்லிக்கறேன்” என்றார்.

இன்னொன்றையும் கவனித்தேன். நல்ல பேட்டர்ன் தாளை வெட்ட யாருக்கும் மனசு வருவதில்லை. கல்யாணப் பட்டை பீரோவில் மடித்து வைப்பது போல வைத்திருக்கிறார்கள். ஓரத் துண்டுகள்தான் அட்டைக்கு வருகின்றன.

பிறகு யந்திரம். அடியில் ஒரு பிளாஸ்டிக் தகடு, அதன்மேல் காகிதம், காகிதத்தின்மேல் வெட்டும் விளிம்பு கீழ்ப்பக்கம் இருக்கும்படி டை (உருவத்தை வெட்டித் தருகிற உலோக அச்சு), அதன்மேல் இன்னொரு தகடு. உருளைக்குள் விட்டுச் சுற்றினால் நடுவில் ‘கடக்’ என்று ஒரு சத்தம். உடைத்துவிட்டோம் என்று கையை எடுத்துவிட்டேன். “அது அப்படித்தான் கத்தும், சுத்துங்க அக்கா” என்றார் டீச்சர். லேஸ் போலப் பின்னல் பின்னலான டை என்றால் இடையில் ஒரு பட்டர் பேப்பர் வைக்கிறார். இல்லாவிட்டால் வெட்டின காகிதத்தை ஊசியால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தி எடுக்க வேண்டியதுதான்.

இந்த வெட்டுகிற, மடிக்கிற வித்தைக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. புரூக்ளினில் ஒருவர் விதைகளுக்கான காகிதப் பைகள் அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்தார். 1879இல் ஒருநாள், பையில் மடிப்புக் கோடு போட வேண்டிய உலோகப் பட்டை உயரம் மாறிப்போய், கோடு போடுவதற்குப் பதில் பைகளை வெட்டித் தள்ளிவிட்டது. வேறொருவராக இருந்தால் ஆளைத் திட்டியிருப்பார். இவர், ஒரே அமுக்கில் வெட்டும் மடிப்பும் சேர்ந்து விழுமே என்று யோசித்தார். மடித்தால் பெட்டியாகிற அட்டை அங்கிருந்து வந்தது. மிட்டாய் டப்பாவும் சட்டைப் பெட்டியும் பிறந்த கதை இது.

வீட்டிலிருந்தே வருமானம் என்கிற நம் தலைப்புக்கும் ஒரு கொள்ளுப்பாட்டி உண்டு. அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், புத்தக, காகிதக் கடைக்காரர் ஒருவரின் மகள். 1847இல் கல்லூரி முடித்து வந்த கையோடு, இங்கிலாந்திலிருந்து வந்த காதலர் தின வாழ்த்து ஒன்றைப் பார்த்து, நாமும் செய்யலாமே என்று லேஸ் காகிதம் வரவழைத்தார். மாதிரிகளைச் சகோதரர் வியாபாரப் பயணத்தில் எடுத்துப் போனார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று இருந்தவருக்கு 5,000 டாலருக்கு மேல் வந்ததாகச் சொல்வார்கள். தோழிகளைக் கூப்பிட்டு மேசையைச் சுற்றி உட்கார வைத்தார். ஒருவர் வெட்ட, ஒருவர் ஒட்ட, ஒருவர் அடுக்க. 1881இல் தொழிலை விற்றுவிட்டு ஒதுங்கினார். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது டாலர் கணக்கு அல்ல. 1879இல் அவர் வாழ்த்து வாசகங்களுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். அட்டையில் இருக்கும் வரி பிடிக்கவில்லையா? பிடித்த வரியைப் புத்தகத்திலிருந்து எடுத்து மேலே ஒட்டிக்கொள்ளலாம். அட்டை எவ்வளவு அழகாக விரிந்தாலும் உள்ளே இருக்கும் சொல் வாங்குகிறவருடையதாக இருக்க வேண்டும் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது.

என் கவலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பள்ளிக்கரணை மேசையில் மூன்று பெட்டி நிறைய டைகள் இருந்தன. பூசணிக்காய், பனிமனிதன், கப்கேக், மான் கொம்பு, ஒன்பது விதமான பட்டாம்பூச்சி. வாசக டைகள் தனிப் பெட்டியில்: ஹேப்பி பர்த்டே, தேங்க் யூ, கங்கிராட்ஸ், வித் லவ். எல்லாம் எழுத்தோடு எழுத்து கைகோத்த சாய்வெழுத்து. தமிழில் ஒன்று? தேடினேன். அந்த மூன்று பெட்டியில் ஒன்றுகூட இல்லை. சதாபிஷேகத்துக்கும் காதுகுத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் அட்டை கேட்டு அவருக்கு ஆர்டர் வருகிறது. அவற்றுக்கும் ‘பெஸ்ட் விஷஸ்’தான் போகிறது. அன்று செய்த ஏழு அட்டையிலும் ‘ஹேப்பி பொங்கல்’, ஆங்கில எழுத்தில்.

“கேட்கறவங்க பசங்களுக்குத் தமிழ் படிக்க வராதுக்கா, இங்கிலீஷ்னா யாருக்கும் கொடுக்கலாம்” என்றார் டீச்சர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம்.

பேனாவால் தமிழில் எழுதிவிட்டுப் போகலாமே என்றேன். ஆறு பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள். “இவ்வளவு அழகா பண்ணிட்டு என் கையெழுத்தைப் போட்டுக் கெடுக்கணுமா?” என்று கேட்டவர், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பே கடை வாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டை தொங்கின காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். கரும்பு, காளை, நடிகர், தலைவர் என்று எந்தப் படமானாலும் உள்ளே அச்சில் நாலு வரி தமிழ் இருக்கும். அதன்கீழே மாமா கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டாமல் செருகி, புக் போஸ்ட்டில் போடுவார். அந்தக் கோணலை யாரும் குறை சொன்னதாக ஞாபகம் இல்லை.

தமிழ் டை ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டு ராயப்பேட்டை அச்சகச் சந்துக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகைக்கும் இனிப்புப் பெட்டிக்கும் டை அடிக்கிற ஒரு பெரியவர். பிளைவுட்டில் பள்ளம் அறுத்து, முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லாத இரும்பு பிளேடைக் கையால் வளைத்து அதில் இறக்குகிறார். வெட்டின காகிதம் மாட்டிக்கொள்ளாமல் எகிறி வர பிளேடின் இரு பக்கமும் ரப்பர். ‘வாழ்த்துகள்’ என்று எழுதிய சீட்டை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பிள்ளையார் போட்டிருக்கேம்மா. தும்பிக்கையைச் சுருட்டியே போட்டிருக்கேன். ஆனா அந்தத் தும்பிக்கையே ரெண்டு இன்ச். நீங்க அரை இன்ச்சுக்குள்ள ‘ழ’ கேட்கறீங்க.”

அப்புறம் சீட்டில் விரலை வைத்து எண்ணினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு. இது எதுல ஒட்டிக்கும்?”

புள்ளிகளைச் சொன்னார். ழ், த், ள். ஆங்கிலச் சாய்வெழுத்தில் ஒரு சொல் முழுக்க ஒரே துண்டாக வரும். ‘ஐ’க்கு மேல் ஒரு பொட்டு உதிர்ந்தாலும் குடி முழுகாது. தமிழில் எழுத்துக்கு எழுத்து தனித்தனி. அடியில் பட்டை கொடுத்து எழுத்துகளைக் கோத்துவிடலாம், பெயர் வைத்த டாலர் செயினில் ஆசாரி கோப்பது போல. புள்ளிக்கு என்ன செய்வது? மெல்லிய கழுத்து வைத்து இணைத்தால் எழுத்துக்குக் கொம்பு முளைத்தது போல இருக்கிறது. சரி, எழுத்தையே ஓட்டையாக வெட்டினால்? அப்போது புள்ளி தப்பித்துக்கொள்கிறது, சுழி மாட்டிக்கொள்கிறது; ‘வ’வின் வயிற்றுத் துண்டு கீழே விழுந்துவிடும். லேசரில் எந்த எழுத்தையும் எந்த அளவிலும் வெட்டலாம் என்கிறார்கள். வெட்டலாம். லேசர் வெட்டினாலும் புள்ளி உதிரத்தான் செய்யும்.

(‘வாழ்த்துக்கள்’ சரியா, ‘வாழ்த்துகள்’ சரியா என்று இன்னும் சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: க் சேர்த்தால் நாலு புள்ளி. வெட்டுகிறவன் கட்சி எது என்று சொல்லத் தேவையில்லை.)

இது புதுத் தொல்லையும் அல்ல. ஓலைச்சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். படிக்கிறவர் இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று புரிந்துகொள்ள வேண்டும். இதைப் பெரியவரிடம் சொன்னேன். “அப்போ நாமளும் விட்டுடலாமா?” என்று சீட்டில் புள்ளிகளை விரலால் மறைத்துக் காட்டினார். வாழததுகள. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வருமானக் கணக்கைச் சொல்லி முடித்துவிடுகிறேன், அலுவலகத்தில் கேட்பார்கள். டீச்சர் ஓர் அட்டையை 250 ரூபாய்க்குக் கொடுக்கிறார். காகிதம், பசை, ஃபோம் டேப் எல்லாம் சேர்ந்து நாற்பது, ஐம்பது. ஓர் அட்டைக்கு ஒன்றரை மணி நேரம். யந்திரம் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. அதன் விலையையும் சேர்த்து வகுத்தால் மணிக்கு என்ன வரும் என்று கேட்டேன். “வகுக்காதீங்க அக்கா” என்றார், பழைய வங்கி ஊழியர்.

தபாலிலும் சிக்கல். 300 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றே கிட்டத்தட்ட 19 கிராம். அடுக்கு மடிப்புக்கு ஒரு முழுத்தாள் போய்விட்டால், மேலே ஒட்டுகிற பூவும் பலகையும் உறையும் சேர்ந்து சாதாரணக் கடிதத்துக்கான 20 கிராமைத் தாண்டிவிடும். ஃபோம் டேப் வைத்து எழுப்பின பூ, தபால் முத்திரை விழுகிற வேகத்தில் தட்டையாகவும் போகலாம். அதனால் பலரும் அட்டையைச் செய்து, படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அட்டையைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். விரிவதற்கென்றே செய்த மடிப்பு விரியாமலே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து நானே உட்கார்ந்தேன். இந்தத் தடவை இடது பாதிக்கு மட்டும் பசை. முகப்புக்கு மாம்பழ மஞ்சளில் கட்டம் போட்ட தாள். உள்ளே ‘வாழ்த்துகள்’ என்பதைச் சிவப்பு அட்டையில் பெரிதாக எழுதி, ஒவ்வோர் எழுத்தாகக் கத்தியால் வெட்டினேன். ‘ழ’வுக்கு மட்டும் மூன்று முறை. புள்ளிக்கு வழி அலுவலக பஞ்சிங் மெஷினில் கிடைத்தது: அதே சிவப்பு அட்டையில் ஓட்டை போட்டு, ஓட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, விழுந்த வட்டத்தை எடுத்துக்கொண்டேன். மூன்று வட்டம், மூன்று சொட்டுப் பசை. கீழே என் கையெழுத்தில் இரண்டு வரி. மோசமாகத்தான் இருந்தது. கோவில்பட்டியில் இருக்கும் பெரியம்மாவுக்கு அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் போன் வந்தது.

“ஏட்டி, அட்டை வந்துட்டு. தெறந்தா முன்னால சாடுதே, பயந்துட்டேன்” என்றாள். “உறைக்குள்ள சிவப்பா ஒரு பொட்டு கெடந்துச்சு. மொதல்ல ஸ்டிக்கர் பொட்டுன்னுல்லா நெனச்சேன். பொறவு எழுத்துக் கூட்டிப் பாத்தேன், கடைசி ‘ள’ மொட்டையா நின்னுச்சு. சோத்துப் பருக்கைய நசுக்கி ஒட்டிட்டேன். சரிதானட்டி?”