தூங்கும் சில்லு மின்கலத்தைத் தின்பதேன்?

காசு வடிவ மின்கலம் ஒன்றில் இயங்கும் வெப்பமானியை நீங்கள் செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அது மணிக்கொரு முறை விழித்து, வெப்பநிலையை அளந்து, மீண்டும் தூங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய மின்கலம் ஒரே மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. சில்லு தூங்கியது உண்மைதான். அப்படியானால் மின்சாரம் போன வழி எது?

சில்லின் கால்களைப் பாருங்கள். இன்று ஒரே கால் பல வேலைகளுக்குப் பயன்படுகிறது. 2012-இல் வந்த முதல் ராஸ்பெரி பை கணினியின் பி.சி.எம். 2835 சில்லில் 54 பொதுக் கால்கள் உண்டு. ஒவ்வொரு காலின் வேலையையும் 3 பிட்டுகள் தீர்மானிக்கின்றன. எனவே 8 நிலைகள் வரை இருக்கலாம். அதன் 14-ஆம் கால் ஒரு விளக்கை எரிக்கும். வேறு நிலையில் தொடர்வரிசையாகச் செய்தி அனுப்பும். எப்போது எந்த வேலை என்று கட்டளையிடுவது 'இயக்கி' எனப்படும் நிரலின் பொறுப்பு.

இனி நம் வெப்பமானிக்கு வருவோம். ஒரு கால் 10 கிலோ ஓம் மின்தடை வழியாக 3 வோல்ட்டுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. தூங்கும்போது அந்தக் காலை நிரல் 'வெளியீடு, சுழி' என்ற நிலையிலேயே விட்டுவிட்டது. ஓம் விதிப்படி 0.3 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் இடைவிடாது ஒழுகும். மின்கலத்தின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 730 மணி, அதாவது ஒரு மாதம்!

அந்தக் காலை உள்ளீடாக மாற்றினால் ஒழுக்கு நின்றுவிடும். ஆனால் எல்லாக் கால்களையும் அப்படியே உள்ளீடாக்கிவிடலாகாது. எதனுடனும் இணையாத உள்ளீட்டுக் காலின் மின்னழுத்தம் நடுவில் எங்கோ தத்தளிக்கும். அப்போது உள்ளேயிருக்கும் இரு டிரான்சிஸ்டர்களும் ஒருங்கே பாதி திறந்து மின்சாரத்தை வீணாக்கும்.

ஆகவேதான் லினக்ஸ் இயங்கு தளத்தில், ஒரு சாதனத்தின் கால்களுக்கு வழக்க நிலை, உறக்க நிலை என இரு பட்டியல்களை எழுதிவைக்க வழியுண்டு. இதற்கான பொது அமைப்பு 2012 ஜனவரியில் வெளிவந்த 3.2 பதிப்பில் சேர்ந்தது. வரிசையும் முக்கியம். உறங்கும்போது முதலில் சாதனத்தின் வேலையை நிறுத்தி, பிறகு கால்களை மாற்ற வேண்டும். விழிக்கும்போது கால்கள் முதலில், சாதனம் பிறகு. முறை தவறினால் செய்தியின் நடுவே கம்பி அறுந்தது போலாகும்.

எழுப்பும் குறிப்பு வரவேண்டிய கால் மட்டும் உறங்கக்கூடாது. வீட்டார் எல்லாரும் தூங்கினாலும் கதவு தட்டும் ஓசையைக் கேட்க ஒரு காது விழித்திருக்க வேண்டுமல்லவா?

அடுத்த முறை மின்கலம் விரைவில் தீர்ந்தால் உடனே அதைக் குறை கூறாதீர்கள். மல்ட்டிமீட்டரைத் தொடராக இணைத்து, உறக்க நேர மின்னோட்டத்தை அளந்து பாருங்கள்!